அவர் கேட்காத விலை

சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல் வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் மடியில் ஒரு கூடை மல்லிகை. தோட்டத்தின் முதல் பறிப்பு, மாதா கோயிலுக்கு என்றார். மறுநாள் முகூர்த்தம். முன்சீட்டுப் பூ வியாபாரி கூடையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு வெல தெரியுமாக்கா?"

"சொல்லாத தம்பி!" அந்த அம்மா சட்டென்று காதுகளைப் பொத்திக்கொண்டார். வியாபாரி சொல்லியேவிட்டார். அவ்வளவு விலையா என்று நான் திகைத்துப்போனேன்.

வியாபாரி இறங்கியதும் அந்த அம்மா மெல்லக் கையை எடுத்தார்.

"எம்புட்டுன்னு சொன்னாப்ல?"

நான் வாய் திறப்பதற்குள் பதறினார்.

"வேணாம், சொல்லிராதீங்க. மொதப் பறிப்பு ஆண்டவருக்குன்னு சொல்லிட்டேன். நான் அம்புட்டு உறுதியான ஆளில்ல."

கோயிலுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. பஸ் நின்ற இடத்திலேயே இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

அந்த விலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.