நாலாவது ஸ்டேஷனின் தட்டு காலி

இன்று மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஃபேக்டரியின் வயரிங் லைனில் நாலாவது ஸ்டேஷனின், அதாவது நாலாவது மேஜையின், தட்டு காலியாக இருந்தது. சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும் விட்டேன். லைனே திரும்பிப் பார்த்தது.

மூன்று வாரமாக அந்தத் தட்டில் மட்டும் பீஸ் மலையாகக் குவியும். அங்கே உட்காருபவர் ஊத்தங்கரை மஞ்சுளா அக்கா. ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று, “மெதுவானவர்” என்று ரிப்போர்ட் எழுதிய இன்ஜினியர் நான்தான்.

காலையில் அக்கா அரை மணி நேரம் பர்மிஷனில் போக, மாற்று ஆள் இல்லாமல் நானே அங்கே உட்கார்ந்தேன். மூன்றாவது ஸ்டேஷனிலிருந்து வந்த ஒவ்வொரு பீஸும் முன்பின் மாறியே வந்தது. திருப்பித் திருப்பி வைத்தே கை வலித்தது.

அதை அனுப்பும் ஜூஜுவாடி ரூபா இடது கைக்காரி!

அவளை மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தேன். அவ்வளவுதான். குவியல் கரைந்தது.

அக்கா திரும்பி வந்ததும் கேட்டேன். “ஏன்க்கா இத்தன நாளா சொல்லல?”

“நீங்க எத்தன செகண்டுன்னுதான மேடம் பாத்தீங்க. என்ன பண்றேன்னு பாக்கலியே.”

அப்புறம் அவரே கூப்பிட்டார். “கை சும்மா இருக்குது மேடம். அஞ்சாவதுல அந்தப் புள்ள திணறுது. ஒரு டேப்ப நானே சுத்திக் குடுத்துடட்டா?”

வேலையை இப்படிப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லத்தான் நான் நாலு வருஷம் பி.இ. படித்தேன்.

ரிப்போர்ட்டைத் திருத்திவிட்டேன். “மெதுவானவர்” என்ற இடத்தில் இப்போது என் பெயர்.

உங்கள் ஆபீஸ் மஞ்சுளா யார்? அவருக்கு முந்தைய மேஜையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.