மூன்று டப்பாவுக்கும் ஒரே ஆள்

நூல் வெட்டும் சின்னக் கத்திரியை என் மடியில் வைத்துவிட்டுத்தான் ரோஸ்மேரியக்கா பாத்ரூமுக்கு எழுந்து போவார். மிஷின் மேல் வைத்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வருஷமாக அவருக்கு அடுத்த மிஷின் என்னுடையது. முன்பெல்லாம் கத்திரி ஒரு நாளைக்கு இரண்டு தடவை என் மடிக்கு வரும். அவருக்குச் சர்க்கரை வந்த பிறகு ஆறு, ஏழு தடவை.

"ஏனுங்க்கா, உங்க மிஷினை அங்கயே தூக்கிப் போட்டுரட்டுங்களா?" என்பார் சூப்பர்வைசர் வேல்குமார்.

"போடுங்க சார், அங்கயாவது காத்து வரும்" என்பார் அக்கா, நடந்துகொண்டே.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் மற்ற பெண்கள் நாங்கள் அப்படி எழுந்து போக மாட்டோம். லைனில் ஒருத்தி எழுந்தால் அடுத்தவளுக்குப் பீஸ் வராது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. அக்கா மட்டும் பாட்டிலை மூன்று முறை நிரப்புவார். ஊர் தூத்துக்குடிப் பக்கம். பேச்சும் சத்தம், சிரிப்பும் சத்தம். இடுப்பு வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்வார்.

போன ஆடியில் கம்பெனியில் சர்க்கரை, பிரஷர், சிறுநீர் பார்க்கும் முகாம் நடந்தது. பெயர் எழுதிய டப்பாவை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எனக்கும் எதிர் மிஷின் சித்ராதேவிக்கும் சொட்டுக்கூட வரவில்லை. வெளியே நிற்கும் நர்ஸிடம் அதைச் சொல்ல வெட்கம். அக்கா எங்கள் டப்பாக்களைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதுக்கா முழிச்சிக்கிட்டு நிக்கிய? நம்மகிட்ட வத்தாத கெணறுல்லா இருக்கு!"

மூன்றையும் அவரே நிரப்பினார். நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

நான்காம் நாள் நர்ஸ் மூன்று சீட்டோடு வந்தார். மூவருக்கும் சிறுநீரில் புரதம் போகிறது, கிட்னி பாதிக்கத் தொடங்கியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். சித்ராதேவி அழ ஆரம்பித்துவிட்டாள். என் பெயர் போட்ட சீட்டை நான் இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. அக்காவைப் பார்த்தேன்.

அவர் மூன்று சீட்டையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"அழாதட்டி. ஒனக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகு நர்ஸிடம், "மூணும் என்னுதுதாம்மா." அவர் மெல்லப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"இப்படியாக்கா பண்ணுவீங்க!" என்ற நர்ஸ், அக்காவின் முகத்தைப் பார்த்துத் தணிந்துவிட்டார். "இப்பவே தெரிஞ்சது நல்லதுங்க்கா. காலு வீங்கி, மூச்சு வாங்குனதுக்கப்புறம்தான் நிறையப் பேரு வர்றாங்க."

நானும் சித்ராதேவியும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு எங்களுடையதையே கொடுத்தோம். எங்களுக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு முறை சோதித்து உறுதி செய்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன்.

"ரத்தம் சுத்தம் பண்ணுத மிஷின்ல என்னையும் படுக்க வச்சிருவியளா சார்?" என்று கேட்டார் அக்கா.

"இப்ப அதுக்கு அவசியமில்லீங்க. சொன்னபடி கேட்டீங்கன்னா கிட்னிய ரொம்ப நாளைக்குக் காப்பாத்தலாமுங்க" என்றார் டாக்டர். கிட்னியைக் காக்க ஒரு பிரஷர் மாத்திரை கொடுத்தார். சர்க்கரை மாத்திரையை மாற்றினார். வலி மாத்திரையைத் தொடக் கூடாது, உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றார்.

போன வாரச் சோதனையில் புரதம் குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. வீட்டுக்காரர் ஆரோக்கியராஜுக்காக அக்கா இன்னமும் கருவாடு வறுக்கிறார். தன் பங்கைக் கொண்டுவந்து என் சோற்றில் வைத்துவிடுகிறார். வைத்த விரல்களை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் மோர்ச்சோற்றைப் பிசைகிறார்.