மாமனாரை ஆற்றில் தேடிய காலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாமனாரை மணிமுத்தாறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். ஒரு காலம் என்றால் ஒரு கால் மணி நேரம். ஆற்றில் அன்று கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். ஆனாலும் நம்பினேன். நம்புவதில் நான் எப்போதுமே அவசரக்காரன்.

இன்று காலை என் மனைவி செல்வி பீரோவின் அடித்தட்டிலிருந்து குரங்குத் தொப்பியை எடுத்து என் மடியில் போட்டாள். டாக்டர் இப்போது என்னையும் நடக்கச் சொல்லியிருக்கிறார். தலையில் மாட்டியதும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. கூடவே விருத்தாசலமும் ஏறிவிட்டது.

விருத்தாசலம் என்றால் வெயில் என்பார்கள். மார்கழியில் வந்து பார்க்காதவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு அது. விடியற்காலை ஆற்றுப் பாலத்தின் இந்த முனையில் நின்றால் அந்த முனை இருக்காது. கோபுரம் இருக்காது. பீங்கான் பட்டறைகளின் புகைபோக்கிகள் மட்டும் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறவர்கள் மாதிரி பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். சூளைப் புகையும் களிமண் வாசனையும் கலந்து, ஊரே அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த பொம்மைபோல ஈரமாக இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். புதுக் கல்யாணம். நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமனார் வந்து எங்களோடு தங்கியிருந்தார். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் காட்டியதில், பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்துத் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார்.

மாமாவுக்கு அது பிடிபடவே இல்லை.

"எங்க மாப்ள போவணும்?"

"எங்கயும் இல்ல மாமா. சும்மா நடக்கணும்."

"சும்மா போயிட்டு சும்மா வரதுக்கு எதுக்குப் போவணும்? வூட்லயே இருந்துடலாமில்ல?"

ஆயுசு முழுக்க வரப்பில் நடந்தவர் கேட்டதில் நியாயம் இருந்தது. செல்விதான் பேச்சை முடித்தாள். அம்மா இல்லாத பெண். அவளுக்கு மிச்சமிருந்த பிறந்த வீடு இந்த ஒரு மனிதர்தான். "அப்பா, நீ நடந்துதான் ஆவணும். என்னங்க, நீங்களும் கூடப் போங்க. அப்பாவுக்கு ஒண்ணு ஆச்சு, அப்புறம் ஒங்கள சும்மா வுட மாட்டேன்."

ஆக, நானும் கிளம்பினேன். முதல் சில நாள் கூடவே நடந்தேன். எனக்குக் குளிரில் பல் கிட்டித்துப் பேச்சு வராது. பேச்சு வராத நடையில் எனக்கு என்ன வேலை? பிறகு பாலத்தடி டீக்கடையோடு நின்றுகொண்டேன். "நீங்க டீ குடிங்க மாப்ள, நா கரையோரமா ஒரு நட போயிட்டு வரேன்" என்று மாமா பனிக்குள் போவார். திரும்பி வரும்போது அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை மினுக்கும். "ஒங்கப்பா என்னா நட நடக்குறாருன்னு தெரியுமா? வேத்துக் கொட்டுது!" என்று செல்வியிடம் நானே நடந்த மாதிரி பெருமையடிப்பேன். அவள் எனக்கு இரண்டு தோசை கூடுதலாகப் போடுவாள்.

ஒருநாள் மாமா வரவில்லை. அன்றைக்குப் பனி என்றால் அப்படிப் பனி. கையிலிருந்த டீ கிளாஸே மங்கலாகத்தான் தெரிந்தது. இரண்டாவது டீயும் ஆறிவிட்டது. நான் கரையில் ஓடி "மாமா! மாமா!" என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து "யார்ரா அது?" என்று மூன்று மாமாக்கள் குரல் கொடுத்தார்கள். என்னுடையவர் அதில் இல்லை.

செருப்போடு ஆற்றில் இறங்கினேன். குனிந்து தண்ணீரைத் துழாவினேன். ஆம், கையால்தான். கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா தம்பி, செயினு வுட்டுட்டியா?"

"இல்லக்கா, மாமனார."

"இந்தத் தண்ணியிலியா? கெண்டக் குஞ்சே முதுவு காய்ஞ்சி கெடக்குது!" சிரித்து முடித்து, துணியாலேயே கரைமேட்டைக் காட்டினார். "அந்த பொம்ம சூளைல போயிப் பாரு. காலைல நடக்க வர பெருசுங்க பாதி அங்கதான் குந்தியிருக்கும்."

சூளையை எரித்து முடித்ததும் திறந்துவிட மாட்டார்கள். குளிர்ந்த காற்று பட்டால் உள்ளே வெந்த பீங்கான் விரிசல் விடும். வாசலை அடைத்தபடியே மெல்ல ஆறவிடுவார்கள். அப்படி ஆறிக்கொண்டிருக்கிற செங்கல் சுவரில் மார்கழிக் காலையில் முதுகைச் சாய்த்துப் பார்த்தால்தான் அந்தச் சுகம் தெரியும். கொட்டகைக்குள் நாலைந்து பெரியவர்கள் மப்ளரும் தொப்பியுமாக வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். எதிர்ப் பலகையில் சாயம் பூசாத பொம்மைகள் அதே மாதிரி வரிசையில்.

வரிசையின் கடைசியில் மாமா. கண் மூடியிருந்தது, தலை சரிந்திருந்தது. கையைத் தொட்டேன். சூடு இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், இந்தச் சுவரில் சாய்ந்தால் கருங்கல்லுக்கும் சூடு இருக்குமே என்று தோன்ற, மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கக் குனிந்தேன். அப்போது மாமா ஒரு குறட்டை விட்டார். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

எழுப்பினேன். "ஏன் மாமா இப்படி ஏமாத்துறீங்க?" என்று கோபமாகக் கேட்டேன்.

அவர் என் ஈர வேட்டியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "நடக்க முடியல மாப்ள. நாலு எட்டு வச்சா நெஞ்ச அடைக்குது. சொன்னா செல்வி அழுவும். அதான்..."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அந்தச் சூடு தேவைப்பட்டது. பிறகு, "செல்வி அழுதா அழுவட்டும் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

செல்வி அழுதாள். அழுதுகொண்டே பையில் துணி அடுக்கினாள். அன்று மத்தியானமே புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். சோதித்துப் பார்த்த டாக்டர் அடைப்பு இருக்கிறது என்றார். தினமும் நடக்கிறாரா என்று கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். "இல்லைங்க, ஒக்காந்துதான் இருந்தாரு" என்றேன். "நல்ல வேளை" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து மாமா பல வருஷம் இருந்தார். ஊருக்குத் திரும்பி, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லைக்குத் தண்ணீர் கட்டினார். இப்போது அவர் இல்லை. செங்கலால் கட்டிய அந்தப் பொம்மைச் சூளையும் இல்லை. கேஸ் சூளைகள் வந்துவிட்டன. அவற்றின் சுவர் வெளியே சூடு காட்டாது, சாய்ந்து உட்கார ஆளும் வருவதில்லை. செல்வியிடம் நான் அத்தனை நாளும் பெருமையடித்தேனே, அந்த நடையில் மாமா நடந்தது டீக்கடையிலிருந்து சூளை வரைக்கும்தான். அதிலும் வழியில் நின்று நின்றுதான் போனாராம்.