பாதி விலை முத்திரையும் முகம் காட்டாத பெண்ணும்

ஞாயிற்றுக்கிழமை காலை. கடை ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கிவிட்டு, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வித்யா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் போன். இன்னொருவன் தோளில் மூன்று கால் ஸ்டாண்ட். என் போர்டைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், மறுபடி போர்டைப் பார்த்தார்கள்.

"இதேதான் மச்சி. முத்திரைல இருந்த பேரு இதான்."

கார்ப்பரேஷன்காரன், கரையான், கூரை ஒழுகல் எல்லாவற்றையும் சமாளித்தவன் நான். இந்தப் பையன்களைப் பார்த்துத்தான் பயந்தேன். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரிட்டர்ன் என்ற வழக்கம்

நான் நாலாவது வரை படித்தவன். ஹனூர் பக்கம் ராமாபுரம் எங்கள் ஊர். மைசூருக்கு வந்து, பிளாட்பாரத்தில் கோணி விரித்துப் பழைய புத்தகம் விற்க ஆரம்பித்தேன். இன்று மார்க்கெட் பக்கத்துச் சந்தில் எனக்குச் சொந்தக் கடை. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் கிடைக்கும். காலேஜ் வாத்தியார்கள் என் ஸ்டூலுக்கு முன்னால் நின்று, "அந்தப் பழைய எடிஷன் வந்தா எடுத்து வைங்க" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்வது?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். எங்களிடம் ரிட்டர்ன் என்று ஒரு வழக்கம் உண்டு. வாங்கிப் படித்துவிட்டு, கிழியாமல் கொண்டுவந்தால் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வோம். வேறு கடைச் சரக்கை நம் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக, தலைப்புப் பக்கத்தில் கடைப் பெயரோடு முத்திரை குத்தித்தான் விற்போம். சில கடைக்காரர்கள் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, கண்ணுக்கே தெரியாமல் குத்துவார்கள். என்னுடையது உள்ளங்கை அகலம், ஊதா மை. இந்த ஊரிலேயே பெரிய முத்திரை என்னுடையதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். சீக்கிரம் திரும்பி வருகிற புத்தகம் பெரும்பாலும் பிடித்துப் படித்த புத்தகமாக இருக்கும். பிடிக்காத புத்தகம் பத்து பக்கத்தோடு நின்று, வீட்டிலேயே தூசி தின்றுகொண்டு கிடக்கும்.

வித்யா

வித்யா என்பது நான் இங்கே வைக்கிற பெயர். அவள் வேலை நஞ்சன்கூட்டில் என்று எழுதுகிறேன். அதையும் மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

மைசூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழில் பாதி கன்னடம் கலந்து வரும். என் ரிட்டர்ன் கஸ்டமர்களிலேயே வேகமானவள். ஒருநாள், "அங்கிள், ஞாயித்துக்கிழமை கடை தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இங்க வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். புத்தகங்களைப் பற்றித் தமிழில் பேசும் சேனல். முகம் வராது. கை வரும், குரல் வரும், பின்னால் என் பச்சை ரேக் வரும். அவ்வளவுதான்.

"நல்லா லட்சணமாத்தானே இருக்கறே அம்மிணி, மொகத்தக் காட்டறதுக்கு என்ன?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "முன்னாடி ஒரு சேனல்ல காட்டினேன் அங்கிள். ஒருநாள் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், எங்க சோபால ஒருத்தர் உக்காந்திருக்கார். யாருன்னே தெரியாது. அப்பா என் ஃப்ரெண்டுன்னு நெனச்சு காபி எல்லாம் குடுத்திருக்கார். 'நீங்க சொன்ன எல்லா புக்கும் படிச்சிட்டேன் மேடம்'ங்கறார். நான் வீடு எங்கேன்னு எங்கயும் சொன்னதே இல்ல."

"அப்புறம்?"

"போயிட்டார். கெட்ட மனுஷன்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் அந்த சோபால நான் உக்காந்ததே இல்ல. அன்னிக்கே சேனல மூடிட்டேன். அப்பா வீட்டுக்குள்ள வீடியோவே கூடாதுன்னுட்டார். இதுலயும் நான் யாருன்னு தெரிஞ்சு போச்சுன்னா இதையும் மூடிடுவேன். அதுக்கப்புறம் புக்க எடுத்தாலே பயம் வந்துடும்னு தோணுது."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டருக்கு வெளியே நானே காவல் உட்கார்ந்தேன்.

கமெண்ட்

ஒரு வீடியோவில், கன்னட நாவல் ஒன்றை ரொம்பப் புகழ்ந்து, பக்கத்தைத் திருப்பினாள். கண் இமைக்கும் நேரம் ஊதா முத்திரை தெரிந்தது. யாரோ அங்கே நிறுத்தி, பெரிதாக்கிப் படித்து, கடைப் பெயரைக் கமெண்டில் போட்டுவிட்டார்கள். முத்திரையில் இருந்த "படித்துத் திருப்பினால் பாதி விலை" என்ற வாசகத்தையும் சேர்த்து.

பக்கத்து ஜெராக்ஸ் கடை நாகராஜ்தான் எனக்குக் காட்டினான். கமெண்ட் எல்லாம் தமிழ். எழுத்து இங்கிலீஷ். எனக்கு அந்த எழுத்து வராது, இங்கிலீஷ் புத்தகங்களையே அட்டையைப் பார்த்துத்தான் விற்கிறேன். அவன் கன்னடக்காரன், அவனுக்குத் தமிழ் அரைகுறை. அவன் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான், நான் கேட்டுப் புரிந்துகொண்டேன்.

"'சூப்பர்னு சொன்ன புக்க இவளே பாதி வெலைக்கு வித்துட்டா. நான் இவ பேச்ச நம்பி புதுசு வாங்கினேன்.' நோடி, பாருங்க யஜமானரே, இவருக்கு ஏனோ கோபம்."

"அடுத்தது படி."

"'சொந்தமா ஒரு புக்கு கெடையாது. அந்த அலமாரி வாராவாரம் மாறுது, கவனிச்சீங்களா. சினிமா செட்டு.'"

விற்கிற கடையில் ரேக் மாறாமல் என்ன செய்யும்?

"'மூஞ்சிய மறைக்கறவங்க எதையோ மறைக்கறாங்க.' மூஞ்சி அந்த்ரே ஏனு?"

"முகம்டா."

"ஓ. இன்னொருத்தர் போட்டிருக்கார். 'விடுங்கப்பா, அவங்க புக்கப் பத்தித்தானே பேசறாங்க, மூஞ்சி எதுக்கு உங்களுக்கு.' இவரு ஒள்ளேயவரு. அதுக்குக் கீழே ஒருத்தன், 'நீ அவளோட ஃபேக் ஐடி தானே' அந்த்தானே." என்கிறான் என்பதை அவன் அப்படித்தான் சொல்வான்.

நல்லவர் என்று நாகராஜ் சொன்ன அந்த ஒரு ஆளையும் விட்டுவைக்கவில்லை. கடையில் ரிட்டர்ன் கொடுப்பது மரியாதையான காரியம். அங்கே அது திருட்டுத்தனமாகிவிட்டது.

அந்த ஞாயிறு

இப்போது பையன்களிடம் வருகிறேன். "கடை இன்னும் தெறக்கலீங்க தம்பி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இருவரும் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வித்யா ரேக்குக்கு முன்னால் நின்றாள். அவளுடைய போன் அகராதிக் கட்டின் மேல் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். இடது கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று உண்டு. வீடியோ பார்க்கிறவர்களுக்கு அது மனப்பாடம்.

என் தோள் துண்டை எடுத்து அந்தப் போன் மேல் போட்டேன். பிறகு கடை ஆளை அதட்டுகிற மாதிரி கன்னடத்தில், "ஏனம்மா, ஆ கட்டு ஒளகடெ இடு, பேக!" என்றேன். கட்டை உள்ளே கொண்டுபோய் வை, சீக்கிரம் என்று அர்த்தம். அவள் புரிந்துகொண்டாள். ஒரு புத்தகக் கட்டைத் தூக்கி, இரண்டு கையையும் அதன் அடியில் மறைத்துக்கொண்டு, பின்பக்கத் திரைக்குள் போய்விட்டாள்.

போன் வைத்திருந்த பையன் வீடியோவை ஓட்டிக் காட்டினான். "அங்கிள், இந்த வாய்ஸ் யாருன்னு தெரியுமா?"

கடை முழுக்க அவள் குரல். திரைக்குப் பின்னால் அவளே நிற்கிறாள்.

"ஜெனுயினா இருந்தா எதுக்கு அங்கிள் ஒளியணும்? பார்க்கறவங்களுக்குத் தெரிய உரிமை இருக்குல்ல? நீங்க பேர மட்டும் சொல்லுங்க. உங்க கடை ஒரே வீடியோல எங்கயோ போயிடும்."

என் கஷ்டம் உங்களுக்குப் புரிய வேண்டும். "தெரியாது" என்ற வார்த்தை எனக்கு வாயில் வராது. இந்த மார்க்கெட்டில் எனக்குத் தெரியாத ஆள் இருப்பதாக நான் ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அதனால் எனக்கு வருகிற காரியத்தையே செய்தேன்.

"தெரியாம என்னுங்க தம்பி. எல்லாஞ் சொல்றேன். கேமராவப் போடுங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும். ராமாபுரத்துல எங்கப்பன் கடலக்காட்டுல கூலிக்குப் போயிட்டிருந்த காலமுங்க..."

ஸ்டாண்டை நிறுத்தினார்கள். நான் பேசினேன். லாரியில் வந்ததைச் சொன்னேன். எல்லை தாண்டிப் போய்ச் சரக்கு எடுத்து வரும்போது பாலாறு செக்போஸ்டில் என் புத்தக மூட்டையை அவிழ்த்து, சந்தனக்கட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு புத்தகமாகத் தட்டிப் பார்த்த கதையைச் சொன்னேன். ஒரு மழையில் ஒரு லோடு டிக்‌ஷனரி நனைந்து, தெரு முழுக்கக் காயப்போட்டதைச் சொன்னேன்.

"அங்கிள், அந்தப் பொண்ணு..."

"அங்கதானுங்க வந்துட்டிருக்கறேன். அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல பாருங்க..."

ஸ்டாண்ட் பையன் மற்றவன் காதில், "மச்சி, பசிக்குதுடா. பெருசு இப்பதான் கல்யாணத்துக்கே வந்திருக்கு" என்றான். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி, பெண் பார்க்கப் போன கதையை எடுத்தேன். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். "வாங்க தம்பி, முத்திர செஞ்ச கத இன்னும் பாக்கி இருக்குது" என்று வாசல் வரை போய் அனுப்பினேன்.

வித்யா வெளியே வந்தாள். தலையெல்லாம் ஒட்டடை.

"இனிமே பண்ணல அங்கிள். முகத்தக் காட்டினா வீட்டுக்கு வராங்க. காட்டலன்னா பொய்யிங்கறாங்க. என்னத்தக் காட்டினா நம்புவாங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் போனை எடுத்துக் கொடுத்தேன்.

என் ஆதார் கார்டு

அந்தப் பையன்கள் என் பேச்சை வெட்டி ஒட்டி வீடியோவாகப் போட்டுவிட்டார்கள். நாகராஜ் ஓடி வந்தான். முதலில் எனக்குச் சந்தோஷம். கேமராவில் நான் நன்றாகத்தான் இருந்தேன். பிறகு அவன் கமெண்டைப் படித்தான்.

"'நாலாங்கிளாஸ் படிச்ச ஆளு இப்படிப் பேசுவாரா? எழுதிக் குடுத்திருக்காங்க.' 'செக்போஸ்ட் கத சுட்ட கத.' 'இவரு நடிகரு, எங்கயோ பாத்திருக்கேன்.' 'சேனலே இந்தாளோடதுதான், அந்தப் பொண்ணு சும்மா வாய்ஸ்.' யஜமானரே, நீவு நடிகரா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் சொந்த வாழ்க்கையை, என் வாயால் சொல்லியிருக்கிறேன். அதைச் சுட்ட கதை என்கிறான்!

பர்ஸிலிருந்து ஆதார் கார்டை உருவி அவனுடைய ஜெராக்ஸ் கண்ணாடி மேல் வைத்தேன். "எடு. முன்னாடி பின்னாடி ரெண்டும். கமெண்ட்டுல போடு. நான் யாருன்னு பாக்கட்டும்."

நாகராஜ் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான். "போடறேன். வீட்டு அட்ரஸும் போகும், பரவால்லவா?"

"போகட்டும்."

"அதுக்கும் நம்ப மாட்டாங்க. 'டூப்ளிகேட் கார்டு' அந்த்தாரே. அதுக்கு மேல ராமாபுரம் ஸ்கூல் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. அப்புறம் லாரி டிரைவரக் கூட்டிட்டு வா அந்த்தாரே. அவரு இருக்காரா?"

"அவரு செத்து எத்தன வருசமாச்சு."

"ஹாகாத்ரே நீவு நடிகரே!" என்று சொல்லிச் சிரித்தான். அப்படியானால் நீங்கள் நடிகர்தான் என்கிறான்.

கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நான் நான்தான் என்று காட்ட என் வீட்டுக் கதவையே திறந்து வைக்கப் போயிருக்கிறேன். திறந்து வைத்தாலும் உள்ளே வந்து பார்த்துவிட்டு, இது செட்டு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சாயங்காலம் வித்யா கடைசிப் புத்தகங்களைத் திருப்ப வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் தன் போனில் அந்தக் கமெண்டுகளைத் தேடிப் படிக்கப் படிக்கச் சிரித்தாள்.

"'கெழவர் ஓவர் ஆக்டிங்'னு ஒண்ணு இருக்கு அங்கிள்."

"யாரச் சொல்றான் கெழவன்னு?"

"அப்போ நீங்களும் ஃபேக்கு, நானும் ஃபேக்கு. நல்லதாப் போச்சு," என்றாள். கொண்டுவந்த புத்தகங்களைக் கல்லாவில் அடுக்கினாள். "எதக் காட்டினாலும் நம்பப் போறதில்ல, அப்புறம் எதுக்குப் பயந்து மூடணும்? நான் மூடலை அங்கிள். ஆனா இங்க எடுக்கல. இங்க நான் கஸ்டமர் மட்டும்தான்."

முத்திரை வேண்டுமானால் சின்னதாகச் செய்துகொள்கிறேன் என்றேன். "வேண்டாம், அது உங்களுது" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வீடியோ ஒரு வெறும் சுவருக்கு முன்னால் வந்தது. எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. "ஆமா, திருப்பிக் குடுத்துட்டேன். பிடிச்சதால சீக்கிரம் முடிஞ்சது. அந்த புக்கு இப்ப வேற யார் கையிலயோ இருக்கு, அதான் எனக்கு சந்தோஷம். நான் சொல்றது சரியான்னு நீங்க படிச்சுப் பாருங்க. என்னைப் பார்க்க வேண்டாம்," என்றாள். பிறகு அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டாள். கொஞ்சம் பேர் சேனலை விட்டுப் போனார்கள், கொஞ்சம் பேர் வந்தார்கள். முகம் கேட்கிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் கடைக்கும் வருகிறார்கள். போன வாரம் ஒரு அம்மா, நல்ல படிப்பாளி மாதிரி தெரிந்தார், பச்சை ரேக் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு கல்லாவுக்கு வந்து, "அவங்க நெஜமாவே இதெல்லாம் படிக்கறாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

அந்த அம்மாவுக்குப் பின்னால், கையில் ரிட்டர்ன் புத்தகத்தோடு, தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள் வித்யா. கட்டைவிரலைப் புத்தகத்துக்குள் விட்டு, படித்த இடத்தைப் பிடித்திருந்தாள். கடைசிச் சில பக்கங்களை வரிசையில் நின்றே முடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. கஷ்டமாக இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், யாரும் தடுக்க முடியாது. வாங்குகிறவர் யார், என்ன படிக்கிறார், எங்கே போகிறார் என்பது உங்கள் சரக்கு இல்லை. அதற்கு விலை சொல்லாதீர்கள். அந்த அம்மா நகர்ந்ததும், "அடுத்தது யாருங்க?" என்று கேட்டேன். வித்யா நிமிரவில்லை. "ஒரு நிமிஷம்," என்றாள், "இன்னும் ரெண்டு பக்கம்."