மேற்கால ஓரத்தில் நின்றவள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. நாத்தனார் போனபின் அவள் பிள்ளைகள் இரண்டும் என் பிள்ளைகளாகிவிட்டார்கள். ஆறு பேரையும் பத்தாம் வகுப்பு தாண்ட வைத்தேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டுவேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இது நடந்தது போன ஐப்பசியில், விழுப்புரத்தில். நாங்கள் இருப்பது திண்டிவனம். ஒரு நாள் காலையில் பேத்தி போனைப் பார்த்துக்கொண்டே, "ஆயா, விழுப்புரத்துல ஒரு மண்டபத்துல நம்ம பக்கத்துப் பழைய கட்டடமெல்லாம் போட்டோவா மாட்டி வச்சிக்கினு இருக்காங்களாம். உங்கம்மா தண்ணி தூக்குன ஆஸ்பத்திரிகூட இருக்குது" என்றாள். கையில் இருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

என் அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. நான் பால் மறக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் ஒரு படம் கிடையாது. எங்கள் பக்கம் கல்யாணம் என்றால், பூவும் பொட்டுமாகப் போன பெண்ணுக்கு முதலில் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவோம். பூவாடைக்காரி என்று பெயர். ஆறு கல்யாணத்திலும் என் அம்மாவுக்குச் சேலை வைத்தேன், பூ வைத்தேன். முகம்தான் இல்லை. தை மாதம் இந்தப் பேத்திக்குக் கல்யாணம். ஏழாவது சேலையையும் முகமில்லாதவளுக்கு வைப்பதா என்று மனசு அடித்துக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு அடையாளம் என்னிடம் இருந்தது. அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஒருமுறை டாக்டரம்மாவோடு எல்லோரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்களாம். என் சின்னம்மா சாகும்வரை சொல்லுவாள்: "மேற்கால ஓரத்துல கடைசியா நிக்கிறவதான்டி உங்கம்மா." நாங்கள் காடு கழனியில் வளர்ந்தவர்கள். இடது வலது என்று சொல்லமாட்டோம், சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பதென்றாலும் கிழக்கு மேற்குதான்.

பஸ் ஏறிப் போனோம். மண்டபம் முழுக்கப் படங்கள். புகைபோக்கி வைத்த நெல் மில், பழைய கோர்ட்டு, ரயிலடி. நான் பத்து வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்த மில்லும் இருந்தது. படத்தில் தூசியும் இல்லை, இரைச்சலும் இல்லை, கோயில் மாதிரி இருந்தது. அங்கே நான் இருமின இருமல் எனக்குத்தான் தெரியும்.

கடைசிச் சுவரில் ஆஸ்பத்திரி. எட்டுத் தூண், ஓட்டுக் கூரை. இடித்துப் பல காலம் ஆகிவிட்டது, ஆனால் சின்ன வயதில் ரோட்டில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தெற்குப் பார்த்த கட்டடம். அப்படியென்றால் ரோட்டில் நின்று எடுத்த படத்தில் என் இடது கைப் பக்கம் மேற்கு. அந்த ஓரத்தில் ஒருத்தி நின்றாள். உருண்டை முகம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, நேராக என்னையே பார்த்தாள். "அம்மா" என்று சொல்லி அழுதுவிட்டேன். கண்ணாடியின் மேல் கை வைத்து அவள் கன்னத்தைத் தடவினேன்.

"யாரும்மே நீ? எங்கம்மா மூஞ்சில ஏன் கைய வைக்கிற?"

திரும்பினேன். என் வயசுக்காரி ஒருத்தி, மருமகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கம்மாவா? இது என்னைப் பெத்தவ" என்றேன்.

"இன்னா பேசுற? அவ எம்பத்தஞ்சு வயசுல போற வரைக்கும் இந்த மூஞ்சிக்குக் கஞ்சி ஊத்தினவ நானு. எனக்குத் தெரியாதா?"

"மேற்கால ஓரம்னு எங்க சின்னம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

"உங்கம்மா மூஞ்சிய நீ பாத்திருக்கியா?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் இல்லாதபோதுதான் வாய் நீளும். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பேத்தி, "ஆயா, வுடு ஆயா" என்று கையை இழுத்தாள். நான் விடவில்லை. குற்றம் கண்டுபிடிக்கவே படத்தை உற்றுப் பார்த்தேன். கிடைத்தது.

"உங்கம்மாவாவே இருக்கட்டும். முந்தானைய சோத்தாங்கைத் தோள்ல போட்டுக்கினு நிக்கிறாளே, சேலை கட்டக்கூடத் தெரியாதா அவளுக்கு?"

அவளும் விடுவேனா என்று படத்தின் அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். ஒவ்வொருத்தியாக விரல் வைத்துக்கொண்டே போனாள். பிறகு குரல் இறங்கிச் சொன்னாள்: "யம்மா, எங்கம்மா மட்டுமா? வரிசையில அத்தினி பொம்பளையும் சோத்தாங்கைத் தோள்லதான் போட்டுக்கினு இருக்காளுங்க."

நான் எண்ணிப் பார்த்தேன். பதினோரு பெண்கள், பதினோரு முந்தானையும் வலது தோளில். எங்கள் பக்கம் அப்படி ஒருத்தி கட்டினாலே ஊர் சிரிக்கும்.

படங்களை மாட்டிவைத்த பெண் ஓடிவந்தாள். கண்ணாடி போட்ட சின்னப் பெண். பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாட்டி, இது பழைய கண்ணாடி நெகடிவ்லேர்ந்து எடுத்தது. பின்பக்கமா வச்சுக் காப்பி பண்ணிட்டோம் போல. எழுத்து ஒண்ணும் இல்லாததால எங்களுக்குத் தெரியல. ஒரு மாசமா எத்தனையோ பேர் பாத்துட்டுப் போனாங்க, யாரும் கண்டுபிடிக்கல." தன் போனில் அந்தப் படத்தை எடுத்து, விரலால் ஒரு தட்டு தட்டினாள். ஆஸ்பத்திரி அப்படியே திரும்பிக்கொண்டது. முந்தானைகள் எல்லாம் இடது தோளுக்கு வந்தன. உருண்டை முகக்காரி கிழக்கே போய்விட்டாள்.

மேற்கால ஓரத்தில் வேறொருத்தி நின்றாள். ஒல்லி, கறுப்பு. பாதி உடம்பு தூணுக்குப் பின்னால். கையில் வாளி. படம் எடுப்பவரைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தபடி, ஒரு பாதத்தைத் தூக்கி மறு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. இருந்த அழுகையை அடுத்தவள் அம்மாவுக்கு அழுது தீர்த்துவிட்டேனே. இவளும் இல்லையென்றால் என்ன செய்வது என்று பயமாகக்கூட இருந்தது. அப்போது என்னோடு சண்டை போட்டவள் என் தோளைத் தட்டினாள்.

"உன் கால கொஞ்சம் குனிஞ்சு பாரு."

பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான் நிற்பேன். கொக்கு என்று மில்லில் கேலி செய்வார்கள். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும் நினைத்ததில்லை.

"மன்னிச்சுக்கம்மா" என்று அவள் கையைப் பிடித்தேன். இந்த வார்த்தையை என் புருஷனிடம்கூட நான் சொன்னதில்லை. "உங்கம்மாவுக்குச் சேலை கட்டத் தெரியலைன்னு சொல்லிட்டேன்."

"போவட்டும் வுடு. எங்கம்மாவுக்கு அழுவ ஒரு ஆள் கூட வந்துது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான் அழுகையும் வந்தது.

அந்தச் சின்னப் பெண், "உங்கம்மா முகத்த மட்டும் வெட்டிப் பெரிசாக்கித் தரட்டுமா பாட்டி?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அம்மா நின்ற வாசல், கூட நின்ற பத்துப் பேர், எட்டுத் தூண், எல்லாம் இருக்கட்டும் என்றேன். பத்து நாளில் திருத்திய படம் வீட்டுக்கு வந்தது. தை மாதம் அதற்கு முன்னால்தான் சேலை வைத்தோம். சண்டைக்காரியும் வந்திருந்தாள். கிழக்கால ஓரத்துக்கும் ஒரு முழம் பூ வைத்தாள்.

இத்தனை வயது வரை என் வாய்தான் ஜெயித்திருக்கிறது என்று இருந்தேன். அன்று என்னைத் தோற்கடித்தவள்தான் என் அம்மாவை எனக்குக் காட்டினாள். அதிலிருந்து யாராவது எதிர்த்துப் பேசினால், திருப்பிப் பேசுவதற்கு முன் கொஞ்சம் நின்று கேட்கிறேன்.

எழுதியது போதும், கண்ணு. எங்கே, மொதல்லேர்ந்து ஒருதரம் படிச்சுக் காட்டு. இங்க வந்து படத்துக்கு நேரா நின்னுக்கினு சத்தமாப் படி. மேற்கால ஓரத்துல இருக்கிறவளுக்கும் கேக்கணும்.