செக்கிங் அத்தையின் மஞ்சள் ஸ்வெட்டர்

எங்கள் குடும்பத்தில் யாராவது உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால், முதலில் சந்தோஷப்படுகிறவள் என் அப்பாவின் தங்கை. உடனே பீரோவைத் திறந்து மஞ்சள் கம்பளி நூலை வெளியே எடுக்கிறவளும் அவள்தான். என் அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்றபோது வாங்கிய நூல் அது. அந்தப் பையன் இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறான், மீசை முளைக்கிறதா என்று தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறான். ஸ்வெட்டர் மட்டும் இன்னும் வந்துசேரவில்லை.

அத்தையைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். கை அவ்வளவு வேகம். பின்னுவதில் ஒரு தகராறும் கிடையாது, பிரிப்பதில்தான் எல்லாம் போகிறது. அவளுக்கு வேலை ஒரு துணி கம்பெனியில், செக்கிங் பிரிவில். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். காலர், தோள், கை, பொத்தான் துளை என்று விரலால் தடவிக்கொண்டே போவாள். குறை தட்டுப்பட்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, சட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவாள். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. எங்களுக்கு அவள் செக்கிங் அத்தை.

அந்த ஸ்டிக்கர் கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்த அன்று வந்தவள், பெயின்டர் விட்டுவிட்ட நான்கு இடங்களில் அம்பு ஒட்டிவிட்டுப் போனாள். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவிலும் ஒன்று ஒட்டினாள், ஒரு தோள் இறங்கியிருக்கிறதாம். அந்தத் தோளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அத்தை வருகிறாள் என்றால் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

ஸ்வெட்டர் விஷயத்திலும் அதே கண்தான். முதுகுப் பக்கம் முடித்து, முன்பக்கம் முடித்து, ஒரு கையும் முடித்த பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். முப்பது வரிசைக்குக் கீழே எங்கோ ஒரு கண்ணி மாறிப் போயிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் நமக்குத் தெரியாது. அத்தை நூலைப் பிடித்துச் சர்ரென்று இழுப்பாள், இரண்டு மாத வேலை ஐந்து நிமிஷத்தில் சுருள் சுருளாக மடியில் கிடக்கும். பிறகு அதை நனைத்து, கீழே ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, சுருக்கம் போனதும் உருண்டையாகச் சுற்றி, மறுபடி முதல் கண்ணியிலிருந்து தொடங்குவாள்.

பிள்ளைகளுக்குக் காத்திருக்கத் தெரியுமா? அக்கா பையன் தவழ்ந்து போய்விட்டான். சித்தப்பா மகளின் இரட்டைப் பிள்ளைகள் ஓடியே போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் அத்தை கடையில் வாங்கிய ஒரு கவுனைக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவாள். அன்றைக்கு மட்டும் நாங்கள் கேலி செய்ய மாட்டோம்.

நான் உண்டானபோது நாலாம் மாதமே வந்து சத்தியம் செய்தாள்.

"இந்தத் தடவை பாருடி. ஆஸ்பத்திரியிலேருந்து பிள்ளை என் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத்தான் வெளிய வரும்."

"எந்தப் பிள்ளை அத்தை? இதுவா, இல்ல இதுக்குப் பொறக்கப் போறதா?"

"வாய் மட்டும் அப்படியே உங்கம்மா," என்று தலையில் குட்டினாள். ஆனால் போகும்போது கதவருகே நின்று, "இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்கு ரிட்டயர்மென்ட். கண்ணும் முன்ன மாதிரி இல்ல. நம்ம வீட்டுல இனிமே பிள்ளை பெத்துக்க ஆளும் இல்ல. உன்னோடதுதான் கடைசி. ஒரு பிள்ளைக்காவது நான் போட்டுப் பாக்கணும்," என்றாள். கண் மங்கினால்தான் அந்த ஸ்வெட்டர் முடியும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், அவள் தெரு முனை தாண்டிய பிறகு.

ஐந்தாம் மாதம் ஒரு முறை பிரித்தாள். ஏழில் ஒரு முறை. ஒன்பதாம் மாதம், அத்தை வேலைக்குப் போன நேரத்தில் ஸ்வெட்டரைத் திருடிக்கொண்டு வந்துவிடலாமா என்று அம்மா யோசனை சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னத் தெரியாது. பாதி ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விட்டுவிட்டோம்.

மகள் பிறந்தாள். கடைத்துணியில்தான் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இடது காதின் மேல் ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. காது நன்றாகக் கேட்கிறது, மடிப்பால் ஒரு தொந்தரவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. முழுப் பிள்ளையையும் விட்டுவிட்டு அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது வந்தால் துணியை இழுத்து மூடினேன். அத்தை வருகிறாள் என்றதும் இன்னொரு துணியையும் எடுத்துச் சுற்றினேன். ஊரே பார்த்தாலும் பார்க்கட்டும், அந்தக் கண் பார்க்கக் கூடாது என்றிருந்தது.

பத்தாம் நாள் வந்தாள். கையில் கடைக் கவுன், தோளில் பின்னல் பை. முகம் செத்துப் போயிருந்தது.

"இன்னும் அரைக் கைதான் பாக்கி அண்ணி. காலையில பாக்குறேன், முன்பக்கத்துல ஒரு கண்ணி மாறிக் கிடக்கு," என்று அம்மாவிடம் சொன்னாள். இதுவும் பிரிபடப் போகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பழக்க தோஷம், கழுத்து, தோள், கை, விரல் என்று தடவிக்கொண்டே வந்தாள். துணியை விலக்கினாள். இடது காதுக்கு வந்ததும் விரல் நின்றது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதையா மூடி மூடி வச்சிருக்க?"

நான் துணியை மறுபடி இழுத்து மூடப் போனேன். "ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார் அத்தை."

"டாக்டர் என்னடி சொல்றது? இருபத்தாறு வருஷமா குறை பாக்குறவ நான் சொல்றேன். என் தங்கத்துக்கு ஒரு குறையும் இல்ல." பிறகு பிள்ளையிடம் குனிந்து, "உன்னை என்ன, பிரிச்சு மறுபடியும் பின்னிக் குடுன்னா கேக்க முடியும்?" என்றாள்.

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து ஸ்வெட்டரை வெளியே எடுத்தாள். அம்மாவிடம் ஒரு கைக்குட்டை கேட்டு வாங்கி, ஸ்வெட்டரின் முன்பக்கத்தின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் ஊக்கு குத்தினாள்.

"கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது," என்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து அரைக் கையைப் பின்ன ஆரம்பித்தாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவள் பார்வை கைக்குட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா யாரைப் பற்றியாவது ஒரு வம்பை எடுத்துவிட்டாள். அண்ணியும் நாத்தனாரும் அவ்வளவு நேரம் சண்டை போடாமல் பேசி நான் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் மானம்தான் அன்றைக்குக் கப்பலேறியது.

நாலரை மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து நூலை வெட்டினாள். வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைக் கழற்றினாள். நான்தான் போட்டுவிட்டேன். அவசரத்தில் பின்னிய கை மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம். நனைத்து நனைத்து மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. அதற்குள் என் மகள் சொகுசாகக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அத்தை கிட்டே வராமல் சுவரோரமாக நின்று பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. எனக்கும் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் குடித்த பாலையெல்லாம் நெஞ்சில் கக்கினாள்.

"ஐயையோ, புது ஸ்வெட்டர்! கழட்டிக் குடு, ஒரு அலசு அலசிப் போட்டுடறேன்," என்று அம்மா கையை நீட்டினாள்.

அத்தை ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி, உங்க காலைப் பிடிக்கிறேன், கழட்டாதீங்க. கழட்டினா நான் பிரிச்சுடுவேன்."