பின்னால் நடக்கிறவள்

சான் இசித்ரோ அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குண்டூசி வெளியே போவதானாலும் நியேவெஸ் தகாயுனா கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே வருவதானாலும் அப்படியே. பதிவாளர் வேலை. இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலி அவளுடையது. இரவல் கேட்டு வருகிறவர்களை அவள் படுத்துகிற பாடு ஊருக்கே தெரியும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், மேயரானாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு தரம் அனுப்பியும் இருக்கிறாள்.

"காலியா விட்டா வாங்க மாட்டேன். பேனா இல்லேன்னா சொல்லுங்க, நான் தர்றேன்" என்பாள். அந்தப் பேனாவையும் மேஜைக் காலில் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

இவ்வளவு பேசுகிறவள் தன் சொந்தப் படிவத்தில் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்' என்ற கட்டத்தில், அம்மா செத்த பிறகு யாரைப் போடுவது என்று புரியாமல், அருங்காட்சியகத்தின் நம்பரையே எழுதிவிட்டாள். அந்த நம்பருக்கு யாராவது கூப்பிட்டால் அடிப்பது அவள் மேஜையில் இருக்கும் போன்தான். ஐம்பத்தெட்டு வயது. ரொட்டிக் கடை மாடியில் ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு கோப்பை. சனி ஞாயிறு இரண்டு நாளும் வாய் திறக்க ஆளில்லாமல் கிடந்து, திங்கட்கிழமை காவலாளி குலாஸ் அண்ணனிடம் பேசும்போது குரல் கரகரவென்று வரும்.

அருங்காட்சியகத்தில் இருந்த சொரூபங்களில் ஒன்று மட்டும் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமில்லை. கறுப்பு வெல்வெட் உடுத்திய வியாகுல மாதா. ஊரில் அவளை சொலெதாத் என்பார்கள், தனிமை மாதா. விலாகொர்த்தா குடும்பத்துச் சொத்து. வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று அந்த வீட்டுக் கிழவி சியோன் அம்மா அவளை இங்கே இரவலாகக் கொடுத்து வைத்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. புனித வெள்ளி சாயங்காலம் சொலெதாத் வீதிக்குப் போக வேண்டும். பவனியில் பதினெட்டு சப்பரம் போகும், கடைசிச் சப்பரம் அவளுடையது.

அருங்காட்சியகப் பொருள் வெளியே போனால் பதிவாளர் கூடவே போக வேண்டும் என்பது விதி. ஆகவே வருஷா வருஷம் சப்பரத்துக்குப் பின்னால் நியேவெஸ் நடந்தாள், கையில் அட்டையும் காகிதமுமாக. கண்ணாடிக் கண்ணீர்த்துளி ஐந்து, விரல் பத்து, இடது சுண்டுவிரல் நுனி உடைவு என்று குறித்துக்கொண்டே நடப்பாள். "அக்காவுக்கு என்ன நேர்ச்சை, என்ன வேண்டுதல்?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால் எரிந்து விழுவாள். "நேர்ச்சையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் டூட்டியில இருக்கேன்!"

ஊர்ப் பையன்கள் அவளுக்கு வைத்த பேர் 'மாதாவோட போலீஸ்'. அவள் கண்டுகொள்ளவில்லை. உள்ளதைச் சொன்னால், வருஷத்தில் அவள் நாலு பேரோடு சேர்ந்து நடப்பது அந்த ஒரு சாயங்காலம்தான். அதற்காக மீதி நாளெல்லாம் காத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

சியோன் அம்மாவிடம் மட்டும் அவள் கறார் ஒரே ஒரு இடத்தில் தோற்றது. முதல் வருஷம், வாசலில் பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது, கிழவி படிவத்தை நீட்டினாள். 'எனக்குப் பிறகு இந்தப் பொருள் யாருக்கு' என்ற கட்டம் காலி. அதற்கடுத்த 'உறவுமுறை'யும் காலி.

"இதை எழுதலியே அம்மா."

"புள்ளையா குட்டியா, யாரை எழுதறது? அடுத்த வருஷம் எழுதறேன் பொண்ணே. சப்பரம் நிக்குது பாரு."

வாங்கிக்கொண்டாள். அப்புறம் இருபத்தைந்து வருஷமும் அதே பதில். "வீட்டுக்கு வா, சாப்பிட்டுட்டுப் போ" என்று கிழவி கூப்பிடுவதும் வருஷா வருஷம் உண்டு. இரவல் கொடுத்தவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது, அதுவும் விதி. நியேவெஸ் ஒரு தடவைகூடப் போகவில்லை.

இந்த ஜனவரியில் சியோன் அம்மா செத்துப்போனாள். அருங்காட்சியகத்தின் சார்பில் மலர்வளையம் கொண்டுபோன நியேவெஸ், அந்த வீட்டுப் படியை அன்றுதான் முதல்முதலாக மிதித்தாள். கூடத்தில் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு ஒரு சின்ன மேஜை. அதைப் பார்த்ததும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு வேளை சோறு தின்றிருந்தால் அருங்காட்சியகம் இடிந்தா விழுந்திருக்கும் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

புனித வெள்ளிக்கு முந்தின தவக்காலம் வந்தது. மணிலாவிலிருந்து வந்திருந்த டைரக்டர் அத்தியென்சா, நல்ல மனுஷன்தான், அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், சொந்தக்காரர் கையெழுத்து இல்லாம சொலெதாத் வெளிய போக முடியாது. சரிதானே?"

"சரிதான்" என்றாள். அவளே எழுதிய விதி. வேறென்ன சொல்வாள்?

கிழவிக்குக் கனடாவில் ஒரு தங்கை மகன் இருந்தான், ராமில். எட்டுக் கடிதம் போட்டாள். பெரிய வியாழனுக்கு முதல் நாள்தான் போனில் கிடைத்தான்.

"எனக்கு அந்தக் கறுப்புப் பொம்பளையெல்லாம் வேண்டாங்க. என் பொண்டாட்டி பயப்படுவா. பெரியம்மா பேப்பர்ல என்ன எழுதியிருக்காங்களோ அதுபடி செய்யுங்க."

"அவங்க ஒண்ணும் எழுதலை தம்பி."

"பாத்துட்டுச் சொல்றீங்களா?"

அவளைப் பார்த்து இப்படி ஒருத்தன் கேட்பதா! சுருக்கென்றது. வியாழக்கிழமை காலை காலிக் கட்டத்தை நகல் எடுத்து அவன் முகத்தில் விட்டெறிகிற வேகத்தோடு கோப்புக் கட்டை இறக்கினாள். போன வருஷம் சொரூபம் திரும்பி வந்தபோது கிழவி கையெழுத்துப் போட்ட தாள் மேலாக இருந்தது, அதிலும் அதே கட்டங்கள் உண்டு. மூலையில் அவளுடைய முத்திரை, 'சரிபார்த்தேன்.' எங்கே சரிபார்த்தாள்? இருபத்தைந்து வருஷமாக வெறும் கட்டம்தானே என்று, பார்க்காமலே குத்திக் கோப்பில் போட்டிருந்தாள். கட்டம் காலியாக இல்லை. நடுங்கின நீல எழுத்து.

எனக்குப் பிறகு: நியேவெஸ் தகாயுனா.

உறவுமுறை: பின்னால் நடக்கிறவள்.

நியேவெஸ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டு ஓடி வந்த குலாஸ் அண்ணன் பயந்துபோனார்.

"என்னாச்சு? ஏதாச்சும் ஒடைஞ்சிருச்சா?"

"போன வருஷமே எழுதிட்டாங்க அண்ணே. நான் பார்க்கலை. பார்த்திருந்தா..." என்று அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினாள். பார்த்திருந்தால் அந்த மேஜையில் போய் உட்கார்ந்திருப்பாள். எழுதின பிறகு ஒன்பது மாசம் கிழவி உயிரோடு இருந்தாள்.

ராமிலுக்கு நகல் போனது. ஒரு மணி நேரத்தில் சம்மதம் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுச் சிக்கல். இப்போது சொரூபத்தைக் கொடுக்கிறவளும் அவள், வாங்குகிறவளும் அவள். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே கையாக இருக்கக் கூடாது. அதுவும் அவள் எழுதிய விதிதான். ஆகவே பதிவாளர் நாற்காலியில் டைரக்டர் உட்கார்ந்தார். எதிரே, எத்தனையோ பேரை அவள் நெளியவைத்த முக்காலியில் நியேவெஸ்.

"கண்ணீர் நாலு" என்று எழுதினார் அத்தியென்சா.

"அஞ்சு. தாடைக்குக் கீழ ஒண்ணு இருக்கு. நல்லாப் பாருங்க சார்."

"மேடம், இன்னைக்கு நீங்க அந்தப் பக்கம்."

குலாஸ் அண்ணன் சிரித்தார். வாசலில் சப்பரம் தள்ளுகிறவர்கள் வந்து நின்றார்கள். பேண்டு வாத்தியம் சுருதி பார்த்தது. நியேவெஸ் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தாள். சொந்தக்காரர் பெயர், விலாசம், எல்லாம் சரி. கடைசியில் அந்தக் கட்டம்.

எனக்குப் பிறகு.

பேனா நின்றுவிட்டது. நூல் நீளம் போதாமல் கையை இழுத்தது. அம்மா இல்லை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. குலாஸ் அண்ணனுக்கு அவளைவிட ஆறு வயது மூப்பு. ஊரில் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒரு பெயர் அகப்படவில்லை. அருங்காட்சியக நம்பரை இங்கே எழுத முடியாது.

"நேரமாச்சு அக்கா!" என்று வாசலில் யாரோ கத்தினார்கள்.

அவள் குனிந்து எழுதித் தாளை நீட்டினாள். அத்தியென்சா படித்தார்.

"'அடுத்த வருஷம் எழுதறேன்.' மேடம், இதை நீங்க வாங்குவீங்களா?"

"நான் வாங்கமாட்டேன் சார். ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்கியிருக்கேன்."

அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

பதினேழு சப்பரமும் போன பிறகு சொலெதாத் நகர்ந்தாள். அத்தியென்சா அட்டையும் காகிதமுமாகச் சப்பரத்தோடு ஒட்டிப் போனார், இனி அது அவர் டூட்டி. நியேவெஸ் அவருக்கும் பின்னால் நடந்தாள். கையில் எதுவும் இல்லாததால் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ரொட்டிக் கடை முனையில் ஒரு அம்மாள் மெழுகுவத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு, "அக்காவுக்கு என்ன நேர்ச்சை?" என்று கேட்டாள். நியேவெஸ் மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டாள். "தெரியலம்மா, இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள்.

இத்தனை வருஷமும் சொரூபத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தவள், ஆற்றுப் பாலத்துக்கிட்டே முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். தார்ச் சாலையில் சொட்டுச் சொட்டாக மெழுகு. மிதிபட்ட மல்லிகை. மூடிய கடைகள். பின்னால் ஒருத்தரும் வரவில்லை.

அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டு அவள் எட்டி நடை போட்டாள்.